விறலியின் பாதமும் கிளிமஞ்சாரோவின் பட்டியலும்

பயண முகவர் அனுப்பிய பட்டியலில் 43 பொருட்கள் இருந்தன. கடுங்குளிர் தாங்கும் தூக்கப்பை, நெற்றியில் கட்டும் விளக்கு, இரண்டு ஊன்றுகோல், அடுக்கடுக்காகக் கையுறை, கணுக்காலை மூடும் காலணி, தண்ணீரைச் சுத்தம் செய்யும் மாத்திரை, முகச்சவரக் கத்தி. கடைசிப் பொருளை வாசித்ததும் கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சவரக் கத்திக்கு இடம் இருந்தது. நாப்கினுக்கு இல்லை.

நாங்கள் மூவரும் நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருத்தி என் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறாள். இன்னொருத்தி குரோம்பேட்டையில் வங்கி ஊழியர். தான்சானியாவில் இருக்கும் கிளிமஞ்சாரோவில், 5,895 மீட்டர் உயரத்தை நோக்கி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நடந்துவிட்டு வருவது என்று முடிவு செய்து, இரண்டு வருடமாகச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பயணத்தின் கதையை நான் இங்கே சொல்லப் போவதில்லை. பயணத்தைத் திட்டமிடும்போது என் கைக்கு வந்த எழுத்துகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். தமிழ் படித்துத் தமிழ் நடத்துகிறவளுக்குப் பட்டியலும் ஒரு பிரதிதான். எந்தப் பட்டியலும் தன் வாசகரை முன்கூட்டியே கற்பனை செய்துவிடுகிறது. இந்தப் பட்டியல் கற்பனை செய்த பயணிக்கு மீசை இருந்தது. வீட்டில் அவருக்குச் சமைக்கவும் துவைக்கவும் யாரோ இருந்தார்கள்.

போகிறவருக்கு வழி சொல்லும் எழுத்து தமிழுக்குப் புதிதல்ல. ஆற்றுப்படை என்று அதற்கு ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். பரிசு பெற்றுத் திரும்புகிறவர் எதிரில் வருகிறவரிடம், இந்த வழியாகப் போங்கள், இன்னாரைப் பாருங்கள் என்று சொல்வது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. அவற்றுள் மலைபடுகடாம் 583 அடிகளில் ஒரு மலைப்பயணக் கையேடாகவே நிற்கிறது. செங்கண்மாத்து நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர் கூட்டத்துக்குப் பெருங்கௌசிகனார் வழி சொல்கிறார். எங்கே பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் எந்த நேரத்தில் நடக்க வேண்டும். தினைப்புனம் காப்பவர்களின் கவண்கல் எந்தப் பக்கமிருந்து பறந்து வரும். பாசி வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரவில் எங்கே தங்கலாம், அங்கே என்ன சோறு கிடைக்கும். முகவரின் பட்டியலைவிட இது நேர்த்தியானது என்று வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பட்டியலைப் பார்த்துச் சிரித்த அன்றைக்கு இரவு, மலைபடுகடாத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை விறலியரை மட்டும் தேடிக்கொண்டு போனேன். கூட்டத்தில் பெண்கள் இருக்கிறார்கள், பிள்ளைகளும் இருக்கிறார்கள். பாம்பு இருக்கும் பள்ளத்தருகே வரும்போது பார்த்துப் போகச் சொல்லும் புலவர், விறலியருக்குத் தரும் வேலை கைகூப்பித் தொழுவது. தொடக்கத்திலேயே அவர்களுடைய பாதங்களைச் சொல்லிவிடுகிறார். கல் குத்தி நொந்த அந்தச் சிறிய அடிகளுக்கு நாயின் நாக்கு உவமை. இதே நாய்நாக்கு பொருநராற்றுப்படையிலும் சிறுபாணாற்றுப்படையிலும் வருகிறது. மூன்று வெவ்வேறு புலவர்கள், மூன்று வெவ்வேறு வழிகள், ஒரே பாதம்.

மாணவியாக இருந்தபோது இந்த உவமையை அதன் மென்மைக்காகவும் சிவப்புக்காகவும் வியந்து தேர்வில் எழுதியிருக்கிறேன். இப்போது உறுத்துவது வேறு. புலவருக்கு அந்தப் பாதம் நோவது தெரிந்திருக்கிறது. கல் பட்டு மெலிந்தது என்று அவரே சொல்கிறார். இருந்தும் அந்த நோவுக்கு வழியில் ஒரு மருந்தும் சொல்லப்படவில்லை. அது தலைமுதல் அடிவரை வருணிக்கும் வரிசையில் ஓர் அழகாக வைக்கப்பட்டுவிட்டது. பெண் நடக்கிறாள் என்பது நம் பழைய கையேட்டுக்குத் தெரியும். அவள் நடப்பதற்கு என்ன வேண்டும் என்று அது கேட்டதில்லை.

விறலி மட்டும் தனியாக வரும் பாடல்களும் இருக்கின்றன. புறநானூற்றின் 103ஆம் பாட்டு ஔவையார் பாடியது. வழியோரத்தில் ஒரு விறலி உட்கார்ந்திருக்கிறாள். காவடித் தண்டின் ஒரு பக்கம் பதலை தொங்குகிறது, மறு பக்கம் சிறு முழவு. கவிழ்ந்து கிடக்கும் தன் பாத்திரத்தை நிமிர்த்தி நிரப்புகிறவர் யார் என்று அவள் யோசிக்கிறாள். அதியமானிடம் போ என்கிறார் ஔவை. இந்தப் பாடல் அவள் பாதத்தின் நிறத்தை வருணிக்கவில்லை. அவள் தோளில் என்ன சுமை, அவள் வயிற்றுக்கு என்ன தேவை என்று பார்க்கிறது. எழுதியவரும் ஊர் ஊராக நடந்தவர் என்பது காரணமாக இருக்கலாம். என் ஆய்வேட்டில் இந்தப் பாட்டுக்கு நான் கொடுத்தது ஓர் அடிக்குறிப்பு.

முகவரின் தாளுக்குத் திரும்புகிறேன். உயரநோய் வராமலிருக்க நாளுக்கு மூன்று நான்கு லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அதில் தடித்த எழுத்தில் இருந்தது. மருத்துவரைக் கேட்டு டயமாக்ஸ் மாத்திரை எடுத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. டயமாக்ஸ் உடலிலிருந்து நீரை வெளியேற்றும். அதோடு நான்கு லிட்டர் தண்ணீரும் குடித்தால் மணிக்கொரு முறை ஒதுங்க வேண்டும். மரங்கள் முடிந்து, புதரும் முடிந்து, வெறும் கல்லும் சாம்பல் மண்ணும் மட்டுமே இருக்கும் மேல்மலையில் ஒரு பெண் எங்கே ஒதுங்குவாள்? பத்து பேர் பின்னால் வரும் ஒற்றையடிப் பாதையில்? உச்சிக்கான நடை நள்ளிரவை ஒட்டித் தொடங்கும், உறைநிலைக்கு வெகு கீழே. ஐந்து அடுக்கு உடையை அவிழ்த்து உட்கார வேண்டியவளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல் இல்லை.

பெண்கள் இதற்குக் கண்டுபிடித்திருக்கும் விடை எளியது: தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அந்த விடையை நாம் கிளிமஞ்சாரோவில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் பூட்டிய கழிப்பறை முன்னால் கற்றோம். விழுப்புரம் வரை போகும் பேருந்தில் கற்றோம். நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை எடுத்துக்காட்டும் ஜவுளிக்கடைப் பெண்கள் தினமும் பழகுகிறார்கள். ஊரில் அதன் விலை சிறுநீர்த் தொற்று. 4,000 மீட்டருக்கு மேல் நீரிழப்பும் உயரநோயும் ஒன்றுபோலவே தலைவலியாகத் தொடங்கும். எது எதுவென்று பிரித்தறிய முடியாத இடத்தில் அந்தப் பழக்கம் உயிரோடு விளையாடும். உயரத்தில் மாதவிடாய் நாள் தப்பலாம், எதிர்பாராமலும் வரலாம். தள்ளிப்போட மாத்திரை போடுவதென்றால் இரத்தம் உறையும் அபாயத்தைப் பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். பயன்படுத்தியதை மலையில் போட்டுவிட்டு வராமல் கீழே கொண்டுவர ஒரு பை வேண்டும். நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் புனல் இணையக் கடைகளில் கிடைக்கிறது. இவ்வளவையும் நாங்கள் மூவரும் முன்பு போய்வந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தோம். போய்வந்தவள் போகிறவளுக்குச் சொன்ன இந்தப் பேச்சையும் ஆற்றுப்படை என்றே சொல்வேன். அது அச்சில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

தடுப்பூசிக்கும் ஓர் உடல் இருக்கிறது. நைரோபியில் இறங்கி, சாலை வழியாக நமங்கா எல்லையைத் தாண்டித் தான்சானியாவுக்குள் போவதாகத் திட்டம். கென்யா மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இருப்பதால் ஊசி போட்ட சான்று வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் அந்த ஊசி போடுகிறார்கள். குறைந்தது 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். 2016 முதல் அந்தச் சான்று ஆயுள் முழுவதும் செல்லும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி என்பதால் கருவுற்றிருக்கிறீர்களா, பாலூட்டுகிறீர்களா என்று கேட்பது மருத்துவ அவசியம். அந்தக் கேள்விக்கு நான் மகிழ்ச்சியோடு பதில் சொல்வேன். இந்தத் திட்டம் முழுவதிலும் பெண்ணுடல் ஒன்று பயணம் போகிறது என்பதை ஒப்புக்கொண்ட ஒரே கேள்வி அதுதான். மற்ற இடங்களில் எங்களிடம் கேட்கப்பட்டது, "கூட யார் வர்றாங்க?" என்பது. மூன்று பேர் போகிறோம் என்று சொன்ன பிறகும் அதே கேள்வி வந்தது.

தொல்காப்பியத்தில் அகத்திணையியலில் ஒரு நூற்பா, கடல் கடந்து போகும் வழக்கம் பெண்ணோடு இல்லை என்கிறது. பொருள் தேடித் தலைவன் போவான், தலைவி கரையில் நிற்பாள். இலக்கணம் அப்படிச் சொன்ன மொழியிலிருந்துதான் 1860இல் சென்னைத் துறைமுகத்தில் ட்ரூரோ என்ற கப்பல் ஏறித் தமிழ்ப் பெண்கள் ஆப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போனார்கள். ஒப்பந்தக் கூலிகளாக, சிலர் கைக்குழந்தைகளோடு. இலங்கைக்கும் மலேயாவுக்கும் ஃபிஜிக்கும் போனவர்களையும் சேர்த்துக்கொண்டால், கடல் தாண்டிய தமிழ்ப் பெண்களின் எண்ணிக்கை கடல் தாண்டிய தலைவர்களுக்குக் குறைந்ததாக இருக்காது. அந்த நூற்பா உழைக்கப் போகிறவளை ஒருபோதும் தடுத்ததில்லை. இன்றைக்கும் வளைகுடாவுக்கு வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணிடம், கூட யார் வருகிறார்கள் என்று ஊர் கேட்பதில்லை. தனக்காக, வேலை ஏதும் இல்லாமல், பார்க்கவும் நடக்கவும் போகிறவளிடம்தான் அது கேட்கப்படுகிறது.

நேரம் என்று ஒன்றும் இருக்கிறது. கிளிமஞ்சாரோ பகுதியில் மார்ச்சிலிருந்து மே வரை நீண்ட மழை. ஏறுவதற்கு நல்ல காலம் ஜனவரி, பிப்ரவரி, பிறகு ஜூன் முதல் அக்டோபர் வரை. எங்கள் கோடை விடுமுறை மே மாதம். ஆக, விடுப்பு எடுத்தாக வேண்டும். வருடத்துக்கு 12 நாள் சாதாரண விடுப்பு. அதில் பிள்ளையின் காய்ச்சலுக்கு, அம்மாவின் கண்புரை அறுவைக்கு, உறவுக் கல்யாணத்துக்கு என்று போனது போக டிசம்பரில் கையில் என்ன இருக்கும் என்பது வேலைக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆண் சகாக்களின் விடுப்பு ஏட்டையும் எங்கள் ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நல்ல ஆய்வேடு கிடைக்கும். மாணவிகள் யாராவது செய்யலாம்.

வங்கித் தோழி ஒரு நாள் தன் கைப்பையிலிருந்து இன்னொரு பட்டியலை எடுத்தாள். அவளே எழுதியது, ஆறு பக்கம். கேஸ் எப்போது பதிய வேண்டும், தண்ணீர் லாரிக்காரர் எண், மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை காலையில் எது, இரவில் எது, பிளஸ் டூ படிக்கும் மகளை டியூஷனிலிருந்து யார் அழைத்து வருவது, எந்த நாளுக்கு எந்தக் குழம்பு உறைபெட்டியின் எந்தத் தட்டில். பன்னிரண்டு நாளுக்கு இருந்தது. ஆற்றுப்படை என்பது போய்வந்தவர் போகிறவருக்குச் சொல்வது என்று இத்தனை வருடம் நடத்தியிருக்கிறேன். போகிறவள் இருக்கிறவர்களுக்கு எழுதிய ஆற்றுப்படையை அன்றுதான் பார்த்தேன். தன் வீட்டுக்குள் தன் குடும்பம் வழி தவறிவிடாமலிருக்க அவள் வரைந்த வரைபடம் அது.

அவள் கடைசியில் வரவில்லை. வீட்டில் யாரும் தடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "அவரு போன்னுதான்க்கா சொன்னாரு. நான் பாத்துக்கறேன்னு மட்டும் யாருமே சொல்லல" என்றாள். அனுமதிக்கும் பொறுப்புக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைப் பற்றி நம் பெண்ணியம் இன்னும் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. போ என்று சொல்வது இன்றைக்கு நடுத்தர வர்க்கத்து ஆணுக்குப் பெருமை. அந்தச் சொல்லுக்குச் செலவு எதுவுமில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தது. மகளிர் நாளையொட்டிச் சென்னையிலிருந்து போன மலையேற்றக் குழுவில் பெண்கள் நிறைய இருந்தார்கள். இரண்டு குழுக்களிலுமாக 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வகுப்பறையில் நான் கேட்ட பேச்சு தீயைப் பற்றியோ, அனுமதி, வழிகாட்டி, எச்சரிக்கை பற்றியோ அதிகம் இல்லை. பொம்பளப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு என்பதே அதிகம். அதற்குப் பிறகு பல மாதம், கல்லூரிச் சுற்றுலாவுக்கே பெற்றோர் கையெழுத்துப் போடத் தயங்கினார்கள். இறந்தவர்களின் துயரத்தை, இருப்பவர்களின் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாளாக மாற்றிக்கொண்டோம். ஐந்து வருடம் கழித்து, 2023 மே மாதத்தில், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட்டில் ஏறினார். அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருதை மாநில அரசு அவருக்கு வழங்கியது. நான் படித்த செய்திகள் பலவும் அவரை இரண்டு குழந்தைகளின் தாய் என்றே தொடங்கின. மலையேறும் ஆணை இரண்டு குழந்தைகளின் தந்தை என்று தொடங்கும் செய்தியை நான் படித்ததில்லை. அப்படித் தொடங்குவது பாராட்டாகவே சொல்லப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அதற்குள் ஒரு கேள்வியும் இருக்கிறது: குழந்தைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?

இதுவரை எழுதியதில் எங்கள் நியாயம் மட்டும் இருக்கிறது. எங்கள் சுமையை யார் தூக்குவார்கள் என்ற கேள்வியும் அதே பட்டியலின் அடியில் இருந்தது: ஒரு பயணிக்கு மூன்று நான்கு சுமைதூக்கிகள், ஆளுக்கு 20 கிலோ வரை.

1891இல் மே ஃபிரெஞ்ச் ஷெல்டன் என்ற அமெரிக்கப் பெண் கிளிமஞ்சாரோப் பகுதிக்குத் தன் தலைமையில் ஒரு பயணக்குழுவை நடத்திப் போனார். பெண்ணால் முடியாது என்று சொன்னவர்களை மீறிப் போனவர். அடுத்த ஆண்டு இலண்டனின் அரச புவியியல் கழகம் முதன்முறையாகச் சேர்த்துக்கொண்ட பெண்களில் ஒருவர். அதன் பின் அந்தக் கழகம் கதவைச் சாத்திவிட்டு, 1913இல்தான் மறுபடி பெண்களுக்குத் திறந்தது. பெண்ணியப் பயண வரலாறுகளில் அவர் பெயர் தவறாமல் வருகிறது. அவர் பிரம்பில் பின்னிய பல்லக்கு ஒன்றைக் கொண்டுபோனார் என்பதும், நூற்றுக்கு மேற்பட்ட ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகள் அவரோடு நடந்தார்கள் என்பதும் சேர்ந்தே வருகிறது. அவருடைய புத்தகத்தில் அவர் பாதம் நொந்தது தெரியும். அவர்களுடைய பாதம் நொந்தது நமக்குத் தெரியாது. விறலியின் பாதத்தை அழகாக மட்டும் பார்த்த புலவர்மீது எனக்கு வந்த கோபத்தை நான் அவர்மீதும் வைக்க வேண்டும். பிறகு என்மீதும்.

ஆகவே முகவரிடம் நாங்கள் கேட்ட கேள்விகள் மாறின. சுமைதூக்கிகளுக்கு நாளுக்கு எவ்வளவு கூலி, அது கையில் முழுதாகப் போகிறதா, மூன்று வேளை சாப்பாடு உண்டா, அவர்கள் தூங்கும் கூடாரம் எது, கூலியையும் சாப்பாட்டையும் கண்காணிக்கும் அமைப்பு ஏதாவதில் நிறுவனம் சேர்ந்திருக்கிறதா, குழுவில் பெண் வழிகாட்டி உண்டா. முதல் முகவருக்கு இது தொல்லையாக இருந்தது. அவரை விட்டுவிட்டோம். இரண்டாவது முகவர் பதில் தந்தார், தொகை கூடியது. மூன்று பேருக்குச் சேர்த்ததை இரண்டு பேர் வைத்துக்கொண்டு போகிறோமா என்று கேட்காதீர்கள். சீட்டில் தோழியின் பங்கு அவளிடமே இருக்கிறது, அடுத்த வருடத்துக்கு.

அந்த மலையின் சரிவில் சாக்கா மக்கள் வாழைக்கும் காப்பிக்கும் நடுவே வீடு கட்டி வாழ்கிறார்கள். வாழைப்பழத்தோடு கேழ்வரகு சேர்த்து ம்பெகே என்ற பானம் காய்ச்சுகிறார்கள். கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் பயிராகி, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி இங்கே வந்த தானியம். அதைக் கொண்டுவந்தவர்கள் யாரென்று எந்தப் பாட்டிலும் இல்லை. விதையை எடுத்து வைப்பதும் குத்துவதும் கூழ் காய்ச்சுவதும் யார் வேலையாக இருந்தது என்பதை வைத்து நான் ஒன்று நினைத்துக்கொள்கிறேன். சஃபாரி என்ற சொல்லை எங்கள் மாணவிகள் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்க உலாவில்தான் கற்றார்கள். சுவாஹிலியில் அதற்குப் பயணம் என்று மட்டுமே பொருள், அரபியின் சஃபரிலிருந்து வந்தது. பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போகிறவளும் சஃபாரிதான் போகிறாள். இதைச் சொன்னபோது முதலாமாண்டு மாணவி ஒருத்தி, "அப்போ நான் டெய்லி செங்கல்பட்டுலேர்ந்து ட்ரெயின்ல வர்றதும் சஃபாரியா மேம்?" என்றாள். ஆமாம் என்றேன்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் விடியற்காலையில் திருநீர்மலைப் படிகளில் ஏறி இறங்குகிறோம். வாரம் ஒருநாள் முதுகுப்பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் போகிறோம். வங்கித் தோழி படிகளுக்கு மட்டும் வருகிறாள். முகவரின் பட்டியலில் சவரக் கத்தியை அடித்துவிட்டு, பக்க ஓரத்தில் எங்கள் பொருட்களை எழுதியிருக்கிறோம்: மாதவிடாய்க் கோப்பை, புனல், திரும்பக் கொண்டுவரும் பை, ஒதுங்கும்போது சுற்றிப் பிடிக்க ஒரு பழைய கைத்தறிப் புடவை, சுமைதூக்கிகளின் பெயர்களைக் கேட்டு எழுத ஒரு நோட்டு. கீழே இடம் விட்டிருக்கிறோம். போய்வந்த பிறகு அந்தத் தாளைப் படியெடுத்துத் துறை நூலகத்தில், பத்துப்பாட்டு இருக்கும் அடுக்கிலேயே வைப்பதாக இருக்கிறேன். அடுத்துப் போகிறவள் மீதியை எழுதட்டும்.